யார் நம்பர் என்று கேட்டவர்

சேதியை எனக்குச் சொன்னது என் மகள் நித்யா. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். நான் வடக்கனந்தலில் இருக்கிறேன். அமலாக்காவின் கடை கள்ளக்குறிச்சியில், எனக்கு ஒரு டவுன் பஸ் தூரத்தில். இருந்தும் அந்தச் சேதி சென்னைக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தது. பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அப்பா, அத்தை போயிட்டாங்கப்பா" என்றாள். எந்த அத்தை என்று கேட்டேன். எனக்கு உடன்பிறந்த தங்கைகள் இரண்டு பேர். "அமலா அத்தை. கடைக்குக் கெளம்பசொல்ல நெஞ்சு வலின்னு உக்காந்தாங்களாம். அவ்ளோதானாம்" என்றாள். போனது என் தங்கைகள் அல்ல என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அன்று எட்டாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

இதைப் படிக்கப்போகிற உங்களில் பாதிப் பேர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் விதைக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறியவர்கள். மேலே அமலோற்பவம் என்கிற அமலாக்காவின் ப்ரௌசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், போட்டோ எடுக்க ஒரு நீலத் திரை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாம் அங்கேதான். உங்களில் மீதிப் பேர் அதே படியில் வேறு ஒரு காரியமாக ஏறியவர்கள். யார் எதற்கு ஏறினோம் என்று ஒருவருக்கொருவர் நாம் கேட்டுக்கொண்டதில்லை. நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் நான் எதற்கு ஏறினேன் என்பதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது. அதற்கு நித்யாவிடம் அனுமதி கேட்டேன். எதையெல்லாம் எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவளே பிரித்துக் கொடுத்திருக்கிறாள். பெயரை மாற்றட்டுமா என்றேன். "எதுக்கு?" என்று கேட்டாள்.

அக்கா கட்டையான உருவம். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அதைக் கடை முழுக்கத் தேடுவார். அவருடைய மொபெட் எப்போதும் யாராவது ஒருவருடைய வண்டியை வெளியே எடுக்க முடியாதபடி குறுக்கே நிற்கும். சர்ச்சில் அவர் பாட ஆரம்பித்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். அதை அவரே பெருமையாகச் சொல்வார். பெரிய ஆபீசரிலிருந்து கீழே கொய்யாப்பழம் விற்கிறவர் வரை எல்லோரும் அவருக்கு 'சார்'. கோபம் வந்தால் அதே 'சார்' இன்னும் நீளமாக வரும். கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி அனுதாபப்பட வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பிள்ளைகளுக்கு ஆலோசகரைத் தேடிக் கொடுக்கும் அந்த இன்னொரு வேலை அவரிடம் தானாக வந்து சேர்ந்தது. சான்றிதழுக்கு வரும் தாய்மார்கள் பிரிண்ட் வரும் வரை சும்மா இருக்க மாட்டார்கள். "ஏம்மா, எல்லாத்தையும் நீ அதுலதான தேடற? எம்புள்ள ரூமவுட்டு வெளிய வரமாட்டேங்குது. அது ஏன்னு கொஞ்சம் தேடிப் பாரேன்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அக்கா தேடினார். முதலில் வந்த பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். இளைஞர்களின் மனநல நிபுணராம். அக்காவும் நம்பி அந்தம்மாவைப் பேச வைத்தார். பத்து நிமிடம் உருக்கமாகப் பேசிய நிபுணர் கடைசியில் ஞாபகசக்திப் பவுடர் மூன்று டப்பா வாங்கச் சொன்னார். "நானே அந்தம்மாவ அங்க உக்கார வெச்சேன் சார். அந்தம்மா கண்ணத் தொடச்சிக்கினு டப்பா இன்னா கலர்ல இருக்கும்னு கேக்குது" என்று அக்கா சொல்லும்போது சிரிப்பார். ஆனால் அந்தக் கதையை முடிக்கும்போது சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எதையும் தானே பரீட்சை பண்ணிப் பார்க்காமல் யாருக்கும் காட்ட மாட்டார். இல்லாத ஒரு மகளுக்குத் தாயாகிக் கஸ்தூரி என்ற பெயரில் போன் பண்ணுவார். அரசு நடத்தும் இலவச உதவி எண்களையும் விட்டதில்லை, தனியார் இணையதளங்களையும் விட்டதில்லை. யார் பேசுகிறீர்கள், என்ன படித்திருக்கிறீர்கள், அதை எங்கே சரிபார்க்கலாம் என்று கேட்பார். பிள்ளை சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள், எந்தக் கட்டத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள் என்று கேட்பார். பத்து நாளில் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லிவிட்டால் கஸ்தூரி அப்படியே போனை வைத்துவிடுவாள். "எங்களால முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு கேப்பேன் சார். அதுக்கு பதில் வெச்சிக்கினு இருக்கறவங்கதான் எனக்கு வேணும்" என்பார். தமிழில் பேச ஆள் இல்லாத இடத்தை அவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். "நம்ம புள்ள தமிழ்ல அழுவசொல்ல அவுங்க இங்கிலீஷ்ல யோசிச்சிக்கினு இருந்தா ஆவுமா?"

நான் அந்தப் படியில் ஏறியது நித்யாவின் நுழைவுத்தேர்வு விண்ணப்பத்துக்காக. அப்போது அவள் பிளஸ் டூ. நீலத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து அக்கா போட்டோ எடுத்தார். அதற்கு முந்தின வருடமும் ஒரு விண்ணப்பத்துக்கு அங்கேதான் எடுத்திருந்தோம். நித்யாவைக் கீழே கொய்யாப்பழம் வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "சார், நீங்க கணக்கு வாத்தியாரு. ரெண்டுத்துக்கும் வித்தியாசத்தக் கண்டுபிடிங்க" என்றார். புதியதில் கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரே நீலத் திரை, ஒரே பள்ளிச் சீருடை, ஆள்தான் வேறு. "புள்ள தூங்குதா சார்?" என்று கேட்டார். படிப்பு டென்ஷன், பரீட்சை முடிந்தால் தெளிந்துவிடும் என்றேன். ஊரான் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் அது. அக்கா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். இந்தம்மாவுக்கு எதற்கு இந்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே நான் படி இறங்கினேன்.

பத்து நாள் தாங்கினேன். அந்தப் பத்து நாளும் நித்யா தட்டில் போட்டதை அப்படியே கழுவப் போட்டாள். டியூஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பி, டியூஷனுக்குப் போகாமல் திரும்பி வந்தாள். என் மனைவி மகேஸ்வரி என்னிடம், "பள்ளிக்கூடத்துல ஐநூறு புள்ளைங்கள பாக்கறீங்க, வூட்ல ஒண்ண பாக்கமாட்டீங்களா?" என்று கேட்டாள். நான் மறுபடி அந்தப் படியில் ஏறினேன். அக்கா என்னிடம் விவரம் எதுவும் கேட்கவில்லை. "சாப்பாடும் போச்சி, தூக்கமும் போச்சின்னா மொதல்ல நேர்ல டாக்டரப் பாருங்க. கூடவே பேச்சுத்துணைக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார். இணையத்தில் பேசும் ஆலோசகருக்கு அவர் வைத்திருந்த பெயர் பேச்சுத்துணை. மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பெற்றோர் படியில் திரும்பி ஓடிவிடுகிறார்கள் என்று அந்தப் பெயரைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் நித்யாவிடம் அப்படி மறைக்கவில்லை. அவளைத் தனியாக உட்கார வைத்து, இது ஆலோசனை, பேசுகிறவர் இதற்கென்று படித்தவர், உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொன்னாராம். நித்யா வேண்டும் என்றிருக்கிறாள். அந்த வாரமே டாக்டரையும் போய்ப் பார்த்தோம்.

உள்ளே பேப்பர் கட்டு அடுக்கும் சின்ன அறையில் மூன்றாவது கம்ப்யூட்டர். நித்யா காதில் ஹெட்போன் மாட்டியதும் அக்கா கதவைச் சாத்தினார். எனக்குப் படிக்கட்டில் இடம். மடியில் ஒரு கட்டு விண்ணப்பத்தையும் ஸ்டேப்ளரையும் வைத்தார். "கையில வேல இருந்தா காது உள்ள போவாது சார்" என்றார். எத்தனை விண்ணப்பத்துக்குப் பின் அடித்தேனோ தெரியாது. நித்யா வெளியே வந்து, "பசிக்குதுப்பா" என்றாள். கீழே இறங்கிப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு பரோட்டாவை அவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

இரண்டாவது வாரமும் போனோம். அதற்கு மறுநாள் ஆசிரியர் அறையில் இருக்கும்போது என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த இணையதளத்திலிருந்து. நேற்று நீங்கள் பகிர்ந்துகொண்டவற்றின் சுருக்கம் என்று இருந்தது. தொட்டேன், திறந்தது. அது நித்யாவுக்கு வரவேண்டியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மூடியிருக்கலாம். நான் மூடவில்லை, கடைசி வரை படித்தேன். அதில் ஒரு வரியை மட்டும் எழுத நித்யா அனுமதித்திருக்கிறாள்: அப்பா வகுப்பில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறார், வீட்டுக்கு வந்தால் என் முகத்துக்கு முன்னால் என் மார்க்கைத்தான் பார்க்கிறார்.

அந்தச் செய்தி என் போனுக்கு எப்படி வந்தது என்றால், பதிவு செய்யும்போது அங்கே இருந்தது என் நம்பர். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு எந்தப் படிவம் நிரப்பினாலும் கைப்பேசி எண் என்ற கட்டத்தில் அப்பா நம்பர்தான். பள்ளிக்கூடத்தில் நானே ஆயிரம் படிவத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். அக்காவும் இருபது வருடமாக அப்படியே அடித்துப் பழகியவர். கஸ்தூரியாக எத்தனையோ கேள்வி கேட்டவருக்கு இந்தக் கட்டத்துக்கு வந்ததும் கேட்கத் தோன்றவில்லை. நம்பர் சொல்லுங்க சார் என்றார், சொன்னேன், அடித்துவிட்டார். மூன்று பேருமே அங்கேதான் நின்றிருந்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என்னை அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் எப்பம்மா உன் முகத்த பாக்கல?" என்று கேட்டேன். எனக்கு ரோஷம். என் தரப்பு நியாயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். நித்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாக்கியம் எனக்கு எங்கே கிடைத்தது என்று அவளுக்குப் புரிந்த அந்த நொடியை நான் நேரில் பார்த்தேன். "அந்த ப்ரௌசிங் சென்டர் ஆன்ட்டியும் நீங்களும் சேந்துதான் இத பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் அவள் அம்மா கையால் வாங்கிக்கொண்டாள். சாப்பாடு பழையபடி தட்டிலேயே திரும்பியது. அவள் வாயைத் திறந்து மனதிலிருப்பதைச் சொன்ன ஒரே இடத்தையும் நான் அடைத்துவிட்டேன் என்று புரிந்தபோது எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அக்காவிடம் போய்ச் சத்தம் போட்டேன். ஆம், அவரிடம்தான். என் தப்பை வைக்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அவர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடையை அப்போதே பூட்டினார், வரிசையில் நாலு பேர் நிற்கும்போதே. மொபெட்டில் எனக்கு முன்னால் வடக்கனந்தல் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பஸ்ஸில் போய் இறங்கும்போது நித்யாவின் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நித்யா, நான் ப்ரௌசிங் சென்டர் அமலா. உங்கப்பா நம்பரப் போட்டது நானு. உன்ன ஒரு வார்த்தை கேக்காம போட்டேன். இருவது வருசமா எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக்கினு வரேன், கை தன்னால போட்டுடுச்சி. அத காரணமா சொல்லல. தப்பு என்னுது. மன்னிச்சிக்கோம்மா" என்றார். நம்பரைச் சொன்னவன் நான், செய்தியைப் படித்தவன் நான், அதைக் கொண்டுபோய்ப் பெண் மேல் வீசியவனும் நான். அதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பதினேழு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மகேஸ்வரி காபி கொண்டுவந்தாள். அக்கா குடித்துவிட்டு, "நாளைக்கி வரேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். என் நம்பரை நீக்கிவிட்டோம் என்று அந்த இணையதளத்தார் எழுதிய பதிலைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். எனக்குக் காட்டவில்லை. கேட்டதற்கு, "இது அவளுக்கு வந்த லெட்டர் சார்ர்ர்" என்றார். அன்று கதவு கொஞ்சம் திறந்தது. "இப்ப யார் நம்பர் போடுவீங்க?" என்று நித்யா கேட்டாள்.

"நீ சொல்றவங்க நம்பரு."

"அப்பா வேணாம். அம்மாவும் வேணாம். உங்க நம்பரும் வேணாம்."

"வேணாம். வேற யாரு?"

நித்யாவின் போனை நான் பிளஸ் டூ தொடங்கியதுமே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை மறுபடி எனக்கு ரோஷம் வந்திருக்கும். நானே போய்ப் பீரோவைத் திறந்தேன். போனை நித்யாவின் கையில் கொடுத்துவிட்டு, "நான் படிச்சிருக்கக் கூடாதும்மா" என்றேன். அது போதாது என்று தெரியும். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது. அடுத்த வாரம் நித்யா தன் நம்பரைப் போட்டுத் தன் கையால் பதிவு செய்துகொண்டு அந்த உள்ளறைக்குள் போனாள். எனக்குப் பழையபடி ஸ்டேப்ளர். தேர்வில் அவள் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. வேறு படிப்பு படித்தாள். ஆனால் சாப்பிட்டாள், தூங்கினாள், எங்களோடு சண்டை போட்டாள். எந்த மாதத்தில் அமலா ஆன்ட்டி அமலா அத்தை ஆனார் என்று நான் கவனிக்கவில்லை. நானும் எப்போதிலிருந்தோ அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எந்தப் படிவமானாலும் கை கீபோர்டை விட்டு எழுந்துவிடும். "யார் நம்பர் போடணும்? சேதி யாருக்கு வரணும்?" என்று, யாருடைய படிவமோ அவர்களைப் பார்த்தே கேட்பார். பட்டா மாற்ற வந்த பெரியவர் ஒருவர், "எம்மா, எனக்கு இருக்கறதே ஒரு நம்பரு" என்று கோபித்துக்கொண்டார். அக்கா அசரவில்லை. பின்னால் நிற்கும் வரிசை உச்சுக்கொட்டும். கூடவே வந்த அப்பாக்கள் வாயைத் திறப்பார்கள். "நீங்க இருங்க சார், புள்ள சொல்லட்டும்" என்பார். தன் நம்பரை யாரும் தன்னிடம் கேட்டதே இல்லை என்பதுபோல் சில பெண்பிள்ளைகள் அதைச் சொல்லத் திணறியதை நான் பார்த்திருக்கிறேன்.

நித்யா கல்லூரிக்குப் போன பிறகு சனிக்கிழமைகளில் நான் அக்காவோடு கல்வராயன் மலைக்குப் போக ஆரம்பித்தேன். வெள்ளிமலையில் அவருக்குத் தெரிந்த ஒரு கடையில் உட்கார்ந்து பெற்றோர்களிடம் பேசுவோம். அங்கே பேச்சுத்துணை என்ற சொல் ஒரு முறை எங்களை அடி வாங்க வைக்கப் பார்த்தது. மரவள்ளி போட்டிருந்த கோவிந்தன் என்பவர், பிளஸ் ஒன் படிக்கும் மகள் யாரோடும் பேசாமல் சுருண்டு கிடக்கிறாள் என்று வந்திருந்தார். அக்கா விளக்கியதைக் கேட்டுப் போனவர் அரைமணி நேரத்தில் இரண்டு உறவுக்காரர்களோடு திரும்பி வந்தார். "எம் பொண்ணுக்கு போன்ல எவன் கூடவோ பேச்சுத்துணை ஏற்பாடு பண்றியாமே? இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க?" என்று அவர் கேட்க, அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததில் அவர்களுக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. நான் மேஜையை நடுவில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆலோசகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பெண் குரல். அந்தக் குரல் கோவிந்தனிடம் மகளைப் பற்றிக் கேட்டது. அப்புறம், நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டது. கோவிந்தன் உறவுக்காரர்களைப் பார்த்தார். "நீங்க போங்க, நான் வரேன்" என்றார். அவர்கள் போனதும், "எங்கிட்ட யாரும் இத கேட்டதில்லம்மா" என்றார். சொல் தன்னுடையது, குழப்பமும் தன்னுடையது என்று அக்கா ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மலையில் அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஆலோசனை சொல்ற டீச்சரம்மா என்று மாற்றிக்கொண்டார்.

கோவிந்தன் ஊரில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வளைவில்தான் டவர் கிடைக்கும். சாயங்காலமானால் பாதி ஊர் அங்கேதான் போனும் கையுமாக நிற்கும். அந்தப் பெண் அங்கே நின்று எப்படிப் பேசுவாள் என்று நான் கேட்டேன். "அத அவங்கப்பா பாத்துக்குவாரு" என்றார் அக்கா. போய்ப் பார்த்தோம். பெண் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தது. நாற்பது அடி தள்ளி, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தூறலில் குடை பிடித்துக் கோவிந்தன் நின்றிருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கி டவர் இல்லப்பா, போய்ட்டு அப்பால வா" என்றார். ஒருவன் தன் போனைக் காட்டி, "என்னுதுல மூணு கோடு காட்டுதே" என்றான். "காட்டும். வேல செய்யாது" என்றார் கோவிந்தன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். திரும்பி வரும் பஸ்ஸில், "சார், நல்லா பாத்துக்கினீங்களா, அந்தாளு ஒரு தபா கூட திரும்பிப் பாக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அடக்கம் திருநாவலூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில் நடந்தது. நித்யா சென்னையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். சர்ச் கொள்ளவில்லை. அக்காவின் தங்கை ஒவ்வொருவரிடமும் நீங்கள் எப்படிப் பழக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா, ஜெராக்ஸ் எடுக்கப் போவேன் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் ஜெராக்ஸ் என்றார். மலையிலிருந்து இறங்கி வந்திருந்த கோவிந்தனைக் கேட்டபோது, "ஜெராக்ஸ் எடுக்கத்தாம்மா" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். "எங்கக்கா இவ்ளோ ஜெராக்ஸா எடுத்துக்கினு இருந்தா?" என்று அந்தத் தங்கை அழுகைக்கு நடுவே ஆச்சரியப்பட்டார். எங்களில் பல பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டோம். ஒவ்வொருவரும் பெட்டி மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தோம்.

உளுந்தூர்பேட்டையில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் நித்யா, "அப்பா, அன்னிக்கு உங்களுக்கு வந்த மெசேஜ் ரெண்டாவது வாரத்துது. மொத வாரம் நான் பேசினது வேற. அத்தைகிட்ட மட்டும் அப்பறமா சொல்லியிருக்கேன். இப்ப உங்ககிட்ட சொல்லட்டுமா?" என்றாள். சொல்லும்மா என்றேன். கள்ளக்குறிச்சி வரும் வரைக்கும் சொன்னாள். நான் எப்பம்மா என்று இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது. இரண்டு தரமும் விழுங்கிக்கொண்டேன். அவள் முடித்தபோது பஸ் நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை அவளே எடுத்து முதலில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்த எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததுமே மகேஸ்வரி கண்டுபிடித்துவிட்டாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா சொன்னா?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருடமாக அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. எனக்கு மறைக்கவும் தெரியாது. "அத அவதான் சொல்லணும்" என்றேன். நான் ஏதோ அந்நியனைப்போல் பேசுகிறேன் என்று அவளுக்குக் கோபம். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை நித்யாவும் அவளும் துணி காயப்போட மாடிக்குப் போனார்கள். இரண்டு பக்கெட் துணிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. மகேஸ்வரி கண் சிவந்து இறங்கி வந்தாள்.

அமலாக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, ஒரு பிள்ளை சொன்னது அந்தப் பிள்ளையுடையது என்கிற ஒன்றுதான். வைத்துக்கொண்டேன் என்று எழுதுகிறேனே தவிர, அது என்னிடம் இன்னும் கெட்டியாக ஒட்டவில்லை. மகேஸ்வரி காலி பக்கெட்டோடு என்னைத் தாண்டிப் போகும்போது வாய் சும்மா இல்லாமல் அவளிடம் நானே கேட்டேன்: "உங்கிட்ட இன்னா சொன்னா?"

அவள் நிற்கக்கூட இல்லை. "அத அவளயே கேளுங்க" என்றாள்.